பெர்லின் ஓவியர்: பெயரறியாக் கலைஞரும் பாணிவழி அடையாளமும்

முன்னுரை

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்சு நகரக் குயவர் தெருவில் பணியாற்றிய ஓவியர் ஒருவரின் கைவண்ணமாக இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட மட்கலங்கள் கருதப்படுகின்றன. அவருடைய இயற்பெயர் தெரியவில்லை. யூஃப்ரோனியோசு, யூதிமிடீசு போன்ற முன்னோர் ‘வரைந்தான்’ என்னும் வினைச்சொல்லுடன் தம் பெயரைக் கலத்தில் பொறித்தனர். இவர் அவ்வாறு செய்யவில்லை. ஆக்சுபோர்டு அறிஞர் ஜான் பீசுலி 1911இல் வெளியிட்ட கட்டுரையே இவரைத் தனியொரு கலைஞராக இனங்காட்டியது. பெர்லின் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பெருஞ்சாடி, ஆம்ஃபோரா, இவருக்குப் பெயர் தந்தது.

ஓவியப் பாணி

அச்சாடியின் ஒருபுறம் எர்மீசு கடவுளும் யாழேந்திய சாத்திர் ஒருவனும் இடையே ஒரு மான்குட்டியும் உள்ளனர். மூன்று உருவங்களும் ஒன்றன்மேலொன்று படிந்து ஒரே புறக்கோட்டுக்குள் அடங்குகின்றன. சாத்திரின் பெயர் ஒரைமாக்கோசு என எழுதப்பட்டிருக்கிறது. கற்பனை மாந்தனுக்குக் கிடைத்த பெயர் படைத்தவனுக்குக் கிடைக்காமற்போனது விந்தையே.

செவ்வுருவ முறையில் உருவம் மண்ணின் செந்நிறத்திலேயே விடப்பட்டு, பின்புலம் களிமண் குழம்பால் நிரப்பப்படும். சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும்போது அது கருமையாகிறது. பிறர் அக்கருமையைச் சட்டமிட்டுக் காட்சியாக்கினர். இவரோ பக்கச் சட்டங்களை நீக்கி, ஒற்றை உருவத்தைக் கரிய பரப்பில் தனியே நிறுத்தினார். காலடியில் சிறு அணிப்பட்டை மட்டுமே நிலமாகிறது. லூவர் அருங்காட்சியகக் கலத்தில் வளையம் உருட்டும் கேனிமீடு ஒருபுறமும், அவனைத் துரத்தும் சீயசு மறுபுறமும் உள்ளனர். துரத்தலைக் காணவேண்டின் கலத்தைச் சுற்றிவர வேண்டும். நியூயார்க்கிலுள்ள சாடியில் யாழிசைத்துப் பாடும் இளைஞனின் நிமிர்ந்த தலையும் அசையும் ஆடையும் கலத்தின் வளைவோடு இயைகின்றன. இவ்வியைபே இவருடைய தலையாய சிறப்பு என்பது கட்டுரையாளர் கருத்து.

ஆய்வுமுறை பற்றிய வினா

பீசுலி உருவங்களின் அழகை விடுத்துக் கணுக்கால், முழங்கால், காரை எலும்பு, செவி ஆகியவற்றின் கோடுகளை ஒப்பிட்டார். இத்தாலிய ஓவியங்களை ஆய்ந்த மொரெல்லியின் வழி இது: ஓவியன் கவனமின்றி வரையும் சிற்றுறுப்புகளில் அவன் கை தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் பீசுலியின் பிற்காலப் பட்டியல்கள் பெரும்பாலும் முடிவைத் தந்தன, காரணத்தைத் தரவில்லை. பிறர் மறுத்துச் சோதிக்க இயலாத முடிவு எவ்வாறு சான்றாகும்?

இவ்வினா ஏட்டளவினதன்று. ஓவியர் பெயர் சூட்டப்பட்ட கலம் தொல்பொருள் சந்தையில் விலையேறுகிறது; இத்தாலியின் எட்ருசுக்கக் கல்லறைகளைத் தோண்டிக் கொள்ளையிடுவோருக்கும் அது ஊக்கமாகிறது. ‘யார் வரைந்தார்’ என்பது விளங்கும்போதே, ‘எந்தக் கல்லறையில், எவற்றோடு கிடந்தது’ என்பது அழிந்துபோகிறது.

இவருடைய பிற்காலக் கலங்களிலேயே இம்முறையின் இடர் மிகுதி. அவற்றில் கோடு தளர்ந்து உருவங்கள் வாய்பாடாகின்றன. முதுமை எய்திய அதே கை என்பர் ஒரு சாரார். ஆனால் ஏர்மோனாக்சு, அக்கிலீசு ஓவியர் முதலியோர் இவர்வழிப் பயின்றோராகக் கருதப்படுவதால், ஆசானின் தளர்ந்த கோட்டையும் மாணாக்கனின் பயிலும் கோட்டையும் கணுக்காலைக் கொண்டு மட்டும் பிரித்தறிதல் அரிது.