கல்வியின் நாற்கூறும் மஸ்கெலியாப் பாடசாலைகளும்

மாணாக்கன் ஒருவனது கல்வி நிறைவெய்தும் வகையைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நாற்கூறாக வகுத்துரைப்பர். ஆசிரியர் உரைத்ததை எத்துணைச் செவ்வையாக உள்ளத்து அமைத்துக்கொள்ளினும் அவன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வோரொடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்குங்கால் கைகூடும். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கணக்கு வெறும் ஏட்டுக்கணக்கு அன்று என்பதை 2020, 2021 ஆம் ஆண்டுகளில் உலகம் கண்டுகொண்டது. கொரோனாப் பெருந்தொற்று உச்சநிலையில் இருந்தபோது 190க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர் வகுப்பறையை இழந்திருந்தனர் என யுனெஸ்கோ நிறுவனம் கணித்தது. அவருள் மஸ்கெலியாத் தோட்டங்களின் பிள்ளைகளும் அடங்குவர்.

மஸ்கெலியா, சிவனொளிபாதமலையின் அயலில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்தவூர். இத்தகைய தோட்டப்புறங்களிற் பாடசாலை என்பது காலந்தாழ்த்தி வந்த செல்வமாகும். 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்குங் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்த பின்னரும் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1970களிலேயே அரசாங்கம் அவற்றைப் பெருமளவிற் பொறுப்பேற்றது. ஆதலின், பாடசாலை மூடப்பட்ட காலத்து அதற்கு ஈடுசெய்யவல்ல நூல்களோ கற்பிக்கவல்ல பெரியோரோ பல லயங்களில் இருந்திலர்.

2020 மார்ச்சு 12ந் திகதி இலங்கையின் பாடசாலைகளை மூடும் அறிவித்தல் வெளியாயிற்று. பின்னர் அவை இடையிடையே சிலகாலந் திறந்தும் மூடியும் இருந்து, 2021 ஏப்ரில் இறுதியில் மீண்டும் மூடப்பட்டன. தொலைக்காட்சியிற் "குருகெதர" நிகழ்ச்சியும், "ஈ-தக்சலாவ" இணையத்தளமும், ஆசிரியர் வாட்ஸ்அப் வாயிலாக அனுப்பிய பாடங்களும் வகுப்பறைக்குப் பதிலாயின. அவற்றின் பயனை முற்றாக மறுத்தல் நேர்மையன்று. ஆயின், நன்னூலார் கூறிய முதற் காற்கூறேனும் மலைநாட்டுப் பிள்ளையை அடைந்ததா என்பதே வினா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா என விதிக்கப்பட்டதே 2021 மார்ச்சு மாதத்தில்தான். திறன்பேசி ஒன்றின் விலையோ பல வார உழைப்புக்குச் சமம். வீட்டில் ஒன்று இருந்தாலும் அது தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும். இருக்கும் நாளில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தல் வேண்டும். மலைகளின் இடுக்கில் அலைவரிசை எட்டாத லயங்களிலிருந்து பிள்ளைகள் தேயிலை மலையின் மேட்டுக்கு ஏறினர். மழை பெய்தால் அதுவும் இல்லை. அச்சிட்ட செயலட்டைகள் வீடுகளுக்குச் சென்றன. விடை எழுதப்பட்டு மீண்டன. எழுதிய கை தங்கையினதா, அக்காளினதா என்பதை ஆசிரியர் அறியுமாறில்லை.

2021 ஒக்டோபர் 21ந் திகதி, மாணவர் தொகை 200க்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலிற் திறக்கப்பட்டன. தோட்டப்புறத்துச் சிறு பாடசாலைகள் பல இவ்வகையின. ஏனைய வகுப்புகள் நவம்பரில் தொடர்ந்தன. 2022 யூலையில் எரிபொருட் பஞ்சத்தால் மறுபடியும் பாடசாலைகள் மூடப்பட்டமையும் மறக்கற்பாலதன்று. 2020 தைமாதத்தில் முதலாந் தரத்தில் அமர்ந்து, இரண்டு மாதம் எழுத்துப் பழகிய குழந்தை, இத்தடைகளுக்கூடாக இரண்டாந் தரத்துக்கும் மூன்றாந் தரத்துக்கும் உயர்ந்தது. தரம் உயர்ந்ததேயன்றி எழுத்து உயரவில்லை. லகர ளகர ழகரங்களின் ஒலிவேறுபாட்டை வாயசைவு கண்டு கற்க வேண்டிய பருவம் அது. கடன்வாங்கிக் கழித்தலை விரல்மடக்கிக் கற்க வேண்டிய பருவம் அது. மூத்த மாணவருட் சிலரோ கொழும்புக் கடைகளில் வேலைக்கமர்ந்து, வரவுப் பதிவேட்டில் வெறும் பெயராகினர்.

இந்நிலையில், விடுபட்ட பாடங்களை விரைந்து முடித்தலே மீட்சி என்று கருதுவாருளர். புலமைப்பரிசிற் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் எவர்க்குங் காத்திரா என்னும் பெற்றோரது அச்சம் நியாயமானதே. ஆயினும், வாசிக்க அறியாத பிள்ளைக்கு முடிக்கப்பட்ட பாடத்திட்டத்தால் விளையும் பயன் யாது? எந்தத் தரத்தில் இருக்கிறான் என்பதை விடுத்து, எந்த எழுத்தில் நிற்கிறான் என்பதை முதலில் அறிந்து அவ்விடத்திருந்து தொடங்குதலே முறை.

அதற்கு வழியும் நன்னூற் கணக்கிலேயே உளது. வாசிக்க வல்லவனை வல்லாதவன் பக்கத்தில் இருத்தலாம். ஐந்தாந் தரத்தார் நாள்தோறும் சிறிதுநேரம் இரண்டாந் தரத்தாரின் வாசிப்பைக் கேட்டுத் திருத்தலாம். சிறியவன் எழுத்தைப் பெறுவான்; பெரியவனும், பிறர்க்கு உரைத்தலால் வரும் அரைக்கூற்றைப் பெறுவான். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஆசிரியர் தம் நேரசூசியில் நாளொன்றுக்கு அரைமணி ஒதுக்குதல் போதும். உடன் பயில்வோரும், எடுத்துரைக்கக் கேட்போரும் ஒருங்கே வாய்க்குமிடம் வகுப்பறையேயாம். அங்கு மீண்ட பிள்ளைகளைக் கரும்பலகையை மட்டும் நோக்கி வாய்மூடி இருக்கச் செய்தால், அவர்கள் தொலைவிற் பெற்ற அதே காற்கூற்றையே அருகிலும் பெறுவர்.

2020இல் முதலாந் தரத்திற் சேர்ந்த அப்பிள்ளைகள் 2030 ஆம் ஆண்டளவில் பதினோராந் தரத்தை எய்துவர். அவர்கள் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் தாமே வாசித்து விளங்கி விடையிறுக்கும் நாளிலேயே இம்மீள்வரவு முற்றுப்பெறும். அதுகாறும் ஆசிரியர்க்கும், பெற்றோர்க்கும், தோட்டப்புறத்திலிருந்து கற்றுயர்ந்த பழைய மாணவர்க்கும் இப்பணி எஞ்சிநிற்கின்றது. வரவுப் பதிவேட்டில் விடுபட்ட பெயர்களைத் தேடி லயங்களுக்குச் செல்லுதலும், வாசிப்பு நூல்களைச் சிறு பாடசாலைகளுக்குச் சேர்ப்பித்தலும் அப்பணியின் முதற் படிகளாகும்.