கோடிகளை வேண்டாம் என்ற ஸ்டீவன்சன்: முகமது அலியுடன் மோதாமலே புகழ்பெற்றது எப்படி?

ஹெவிவெயிட் குத்துச்சண்டைன்னாலே நம்ம நினைவுக்கு வர்ற பேர் முகமது அலி. ஆனா ‘அவரோட இவர் மோதியிருந்தா யார் ஜெயிச்சிருப்பாங்க?’ என்று ரசிகர்கள் இன்றும் வாதாடும் இன்னொரு பேர் உண்டு. அவர்தான் கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன்.

அப்படி என்ன சாதித்தார்?

1952-ல் பிறந்த ஸ்டீவன்சன், 1971 பான் அமெரிக்கன் போட்டியில் அமெரிக்காவின் டுவேன் பாபிக்கிடம் தோற்றார். மறு ஆண்டே மியூனிக் ஒலிம்பிக் காலிறுதியில் அதே பாபிக்கை மூன்றாவது சுற்றில் சாய்த்து, தங்கமும் வென்றார். 1976 மான்ட்ரியல், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்கே.

ஹங்கேரியின் லாஸ்லோ பாப் ஏற்கெனவே மூன்று தங்கம் வென்றிருந்தார். ஆனால், மூன்றையும் ஒரே எடைப் பிரிவில் வென்ற முதல் வீரர் ஸ்டீவன்சன்தான்.

பணத்தை ஏன் மறுத்தார்?

அலியோடு மோத வைக்க, அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் மில்லியன் டாலர் கணக்கில் பேரம் பேசினார்கள். கியூபாவில் அப்போது தொழில்முறை விளையாட்டுக்குத் தடை. பணத்தை வாங்கினால் நாட்டை விட்டே கிளம்பணும். தொழில்முறை வீரர்களுக்கு அன்றைய ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இடமும் கிடையாது. கியூப மக்களின் அன்பை டாலருக்கு விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இதை அரசின் நெருக்கடி என்று சொல்வோரும் உண்டு, கொள்கைப் பிடிப்பு என்று சொல்வோரும் உண்டு. அரசு அவருக்கு வீடு, கார் கொடுத்து கௌரவித்ததும் உண்மை.

ஜெயிச்சிருப்பாரா?

இதற்குத் தீர்ப்பு சொல்வது கஷ்டம். அமெச்சூர் சண்டை மூன்றே சுற்று. அன்றைய தொழில்முறை உலகப் பட்டச் சண்டையோ 15 சுற்று. தாக்குப்பிடிக்கும் திறன்தான் அங்கே பெரிய சோதனை. அதேசமயம், மான்ட்ரியல் அரையிறுதியில் இவர் முதல் சுற்றிலேயே வீழ்த்திய ஜான் டேட், 1979-ல் தொழில்முறை உலக சாம்பியன் ஆனார். ரசிகர்களின் வாதத்துக்கு அது ஒன்றே போதும்.

நாட்டுக்காக இழந்தது

1984 லாஸ் ஏஞ்சலஸ், 1988 சியோல் ஒலிம்பிக் இரண்டையும் கியூபா புறக்கணித்தது. நான்காவது தங்கத்துக்கான வாய்ப்பு அப்படியே போச்சு. ஆனாலும் 1986-ல், 34 வயதில், மூன்றாவது முறையாக உலக அமெச்சூர் சாம்பியன் ஆகிக் காட்டினார்.

எதிரிகளாக மோத வேண்டியவர்கள் பின்னாளில் நண்பர்கள் ஆனார்கள். 1990-களில் மருத்துவ உதவிப் பொருட்களுடன் அலி கியூபா வந்தபோது, அவரோடு இருந்தவர் ஸ்டீவன்சன். 2012-ல், 60 வயதில், மாரடைப்பால் காலமானார்.

அதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, 2022-ல், தன் வீரர்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்க கியூபா அனுமதி தந்தது. நாட்டை விட்டு வெளியேறாமலே சம்பாதிக்க இன்றைய வீரர்களுக்குக் கிடைத்திருக்கும் வழி, ஸ்டீவன்சனுக்கு ஒருநாளும் திறக்கவில்லை.