கண்டோம் என்றவரும் காணேன் என்றவனும்

நீர்வேலியில் இரவு இன்னும் இரவாகவே இருக்கிறது. பருத்தித்துறை வீதியின் விளக்குகளை விட்டு, வாழைத்தோட்டங்களின் பக்கம் நாலு வேலி கடந்து சென்றால், முகிலற்ற நாளில் வானம் தாழ்ந்து வந்து தலையைத் தொடுவதுபோலத் தோன்றும். அத்தகைய முற்றமொன்றிலே, இலக்கணம் கற்பிக்கும் நான், சில ஆண்டுகளாக மாணாக்கர்க்கு விண்மீன்களையும் காட்டி வருகிறேன். பண்டிதனுக்கு வானியலில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். வானை அளந்துரைத்த அறிஞரைப் பற்றிய குறிப்புப் புறநானூற்றிலேயே இருக்க, அதனைப் பாடஞ் சொல்பவன் அண்ணாந்து பாராதிருத்தல் அன்றோ வியப்பு என்பதே அவர்க்கு என் விடை.

என்னிடம் இருந்தது, 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொருள்வில்லையும் 700 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட சிறிய தொலைகாட்டி. 525 மடங்கு பெருக்கும் என்று அதன் பெட்டியிலே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்ணை நானும் நம்பினேன். 2023 ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரவொன்றில், சனிக்கோளைக் காட்டுவதற்காக, 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் பொருத்தி, எட்டு மாணாக்கரை வரிசையில் நிறுத்தினேன். முதலாமவன் குனிந்து பார்த்து, "வளையம் தெரிகிறது, ஐயா" என்றான். அடுத்தவனும் அவ்வாறே சொன்னான். இவ்வாறு எழுவர் கண்டனர். எட்டாமவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஐயா" என்றான். மற்றவர்கள் நகைத்தனர். நானும், சொல்லக் கூசுகிறேன், "வடிவாகப் பார், தம்பி" என்று சற்றே கடிந்துகொண்டேன். அவன் மறுபடியும் பார்த்துத் தலையசைத்தான். பின்னர் நான் குனிந்து நோக்கியபோது, குழாயினுள்ளே வெறுங் கருவானமே இருந்தது.

நிகழ்ந்தது இதுதான். 700 ஐ 4 ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் 175 ஆகும். அப்பெருக்கத்தில் குழாய் காட்டும் வான்பரப்பு முழுமதியின் அகலத்திற் பாதியளவே. பூமி சுழல்வதால், நடுவில் நிறுத்திய கோள் அரை நிமிடத்தில் விளிம்பைக் கடந்து மறைந்துவிடும். மெலிந்த முக்காலியோ கைபட்டால் நடுங்கும். முதலில் நின்ற ஓரிருவர் சனியைக் கண்டிருக்கலாம். ஏனையோர் கண்டது ஆசிரியரின் முகத்தையே.

பெரிய தொலைகாட்டி வேண்டும் என்னும் ஆசை அன்றுதான் பிறந்தது. ஆயின், எதனைப் பெரிதாக்குவது? பெருக்கத்தை அன்று. பொருள்வில்லையின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து இரண்டாற் பெருக்கினால் வருவதே பயன்தரும் பெருக்கத்தின் எல்லை. என் குழாய்க்கு அது 120. அதற்கு மேலே உருவம் பெருக்குமேயன்றித் தெளிவு பெருகாது, மங்கலே பெரிதாகும். பெட்டியின்மேல் இருந்த 525 என்பது வணிகர் எண்ணேயன்றி வானியலார் எண்ணன்று.

பெரிதாக வேண்டியது ஒளி புகும் வாயின் விட்டம். ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. 60 மில்லிமீற்றர் வில்லையிலும் 200 மில்லிமீற்றர் ஆடி ஏறத்தாழப் பதினொரு மடங்கு ஒளியைத் திரட்டும். நெருங்கிய இரு விண்மீன்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றலும் மூன்று மடங்குக்கு மேல் உயரும். ஐம்பதைக் கடந்தவரின் கண்மணி இருளிலும் இளைஞர் கண்ணைப்போல விரிவதில்லை. ஆதலின் இந்த வேறுபாடு எனக்குக் கணக்கு மட்டுமன்று, அனுபவமும் ஆகும்.

அத்துணைப் பெரிய ஆடியை ஏழை எங்ஙனம் தாங்குவது? இதற்கு விடை கண்டவர் ஒரு துறவி. யோன் டொப்சன் என்பார் 1915 இல் சீனத்திற் பிறந்து, 1944 முதல் 1967 வரை சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில், இராமகிருட்டிணர் மரபுத் துறவியாக வாழ்ந்தவர். கப்பற் சாளரங்களின் தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் இருத்தி, மரப்பெட்டியின்மேல் பீரங்கிபோல ஏற்றித் திருப்பும் எளிய தாங்கியை அவர் பரப்பினார். தெருவிலே தொலைகாட்டியை நிறுத்தி, போவார் வருவாரை அழைத்து நிலவைக் காட்டினார். இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்கும் தெறிதொலைகாட்டி, பணத்தை நுண்பொறிகளிற் செலவிடாது ஆடியிலே செலவிடுவது. தரையில் அசையாமல் நிற்பது. முற்றத்தில் நின்று பார்ப்பார்க்கு இதனினும் நல்ல இரண்டாம் படி இல்லை என்பது என் துணிபு.

எனினும், வாங்குமுன் உள்ளதைத் திருத்துக. முக்காலியின் நடுவே கல் நிறைத்த பையொன்றைத் தொங்கவிட்டேன்; நடுக்கம் பெரிதும் அடங்கியது. 20 மில்லிமீற்றர் பார்வைத்துண்டை இட்டேன். 35 மடங்கிலே சனியின் வளையம் சிறிதாயினும் கூர்மையாகத் தெரிந்தது. பார்வைத்துண்டிற் பூட்டும் சூரிய வடிகண்ணாடி பெட்டியில் இருப்பின் அதனை எறிந்துவிடுக. வெப்பத்தால் அது வெடித்தால் கண் போய்விடும். தமிழ்நாட்டுக் காவலூர் வான்காணகமும் படிப்படியாகவே வளர்ந்தது. 1968 இல் 38 சதமமீற்றர்க் கருவியோடு தொடங்கி, 1972 இல் ஒரு மீற்றர்க் கருவியை நிறுவி, 1977 இல் அதனைக்கொண்டு யுரேனசின் வளையங்களைப் பதிவு செய்தோருள் தாமும் ஒருவராகி, 1986 இலேதான் 2.3 மீற்றர்க் கருவியைத் திறந்தனர். சிறியதை முற்றப் பயன்படுத்தியவர்க்கே பெரியது பயன்படும்.

கருவி வளர, காட்சியும் வளர்ந்தமைக்கு நம் தென்வானமே சான்று. வைகாசி முன்னிரவில் தெற்கே, கீழ்வானிலிருந்து மூன்றிலொரு பங்கு உயரத்தில், ஒமேகா செந்தோரி என்னும் புகைத்துளி தெரியும். இலண்டன் வாசிகள் தம் ஊரிலிருந்து இதனைக் காணவே முடியாது. பழைய தொலமி இதனை ஒரு விண்மீனென்று எழுதினார். 1677 இல் ஹாலி புகைபோன்ற பொருளென்று குறித்தார். 1830 களில் யோன் ஹேர்ஷல் பெரிய ஆடியால் நோக்கி, எண்ணிறந்த மீன்களின் திரளெனக் கண்டார். என் சிறு குழாயில் அது ஹாலி கண்ட புகை; 200 மில்லிமீற்றர் ஆடியில் ஹேர்ஷல் கண்ட மணற்குவியல்.

ஆயினும் கருவியினும் பெரியது ஒன்றுண்டு. 1829 பங்குனியில் வந்த சந்திர கிரகணத்தைப் பற்றி, அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கமும் வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூவரும் வெவ்வேறு கணிப்புக் கூறினர். எவர் சொல் சரியென்பதை யாழ்ப்பாணத்து வானமே அன்றிரவு தீர்க்கவேண்டியதாயிற்று. 1610 இல் கலிலியோ சனியை மூன்று உருவமாகக் கண்டு அவ்வாறே எழுதினார்; 1612 இல் பக்கத்து இரண்டும் மறைந்தபோது, மறைந்தன என்றே எழுதினார். 1659 இல் ஹைகன்ஸ், மேலான கருவியின் துணையால், அது வளையமென்றும், விளிம்பு நம்மை நோக்கும்போது மறையுமென்றும் விளக்கினார். காணாததைக் கண்டேன் என்று கலிலியோ எழுதியிருப்பின், ஹைகன்சுக்கு விளக்க என்ன இருந்திருக்கும்?

சேமித்த பணத்தில் 200 மில்லிமீற்றர்த் தெறிதொலைகாட்டி 2025 இல் என் முற்றத்துக்கு வந்தது. புரட்டாதியில் சனி எழுந்தபோது, அந்த எட்டாமவனை முதலில் அழைத்தேன். அவன் நெடுநேரம் நோக்கினான். "வளையத்தைக் காணவில்லை, ஐயா, கோளின் இருபக்கமும் ஊசிபோல ஒரு கோடு மட்டும் நீள்கிறது" என்றான். இம்முறை எவரும் நகைக்கவில்லை. அவ்வாண்டு வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கியிருந்தது. அவன் சொன்னது முற்றும் மெய்.

2032 அளவில் அவ்வளையம் அகல விரிந்து நிற்கும். அப்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன். கல்லுப் பையோடு அந்தப் பழைய சிறு குழாயை அன்றிரவே அவன் கையிற் கொடுத்தேன்.