களைப்புக்கு எத்தனை புள்ளி?

மூட்டுவாதம் என்றதும் நோவும் வீக்கமும்தான் நமக்கு ஞாபகம் வரும். ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்தில் வைத்தியர் கணக்கெடுப்பதும் பெரும்பாலும் அவற்றைத்தான். மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கி, எத்தனை நோகிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார். ஈ.எஸ்.ஆர். அல்லது சீ.ஆர்.பீ. இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார். 'மொத்தத்தில் எப்படி இருக்கிறது?' என்று நோயாளியிடமும் ஓர் எண் கேட்பார். இவற்றைச் சேர்த்து வருவது 'டாஸ் 28' என்ற புள்ளி. 28 என்பது எண்ணப்படும் மூட்டுகளின் தொகை. இதில் களைப்புக்கெனத் தனி இடம் இல்லை.

என் சாச்சி ஒருவருக்கு இந்த நோய். 'ரிப்போர்ட் எல்லாம் நல்லம்' என்று வந்த நாளிலிருந்து அவருக்கு வீட்டில் பேச்சுத்தான். "ரிப்போர்ட் நல்லமெண்டா பிறகென்ன படுக்கை?" அவரிடம் இருந்த ஒரே பதில்: "ஏலாதுகா."

அந்த 'ஏலாது'வை எப்படி அளப்பது?

இரத்தத்தில் அளக்க வழியில்லை. அழற்சியைத் தூண்டும் டீ.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற புரதங்களுக்கு இதில் பங்குண்டு. ஆனால் இரத்தச்சோகை, கெட்ட தூக்கம், நோவு, மனச்சோர்வு, உடல் அசையாமை எல்லாமே அதோடு கலந்து நிற்கின்றன. அதனால்தான் விலை கூடிய புதிய மருந்துகள் வீக்கத்தை நன்றாக அடக்கினாலும் களைப்பை ஓரளவுக்கே குறைக்கின்றன. ஆகவே கேட்டுத்தான் அறிய வேண்டும். அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர்களும் நோயாளர்கள்தான். வாத நோய் ஆய்வுகளில் எதை அளப்பது என்று தீர்மானிக்கும் 'ஒமராக்ட்' என்ற சர்வதேசக் குழு, 2002இல் நோயாளர்களையும் தன் மாநாட்டில் அமர்த்தியது. களைப்பைப் பற்றி ஏன் கேட்பதில்லை என்று அவர்கள் கேட்டார்கள். 2006இல் மோல்டாவில் கூடியபோது, முடக்குவாத ஆய்வுகளில் இயன்றவரை களைப்பையும் அளக்க வேண்டும் என முடிவாயிற்று.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் சாரா ஹியூலெட் என்ற தாதியப் பேராசிரியையும் குழுவினரும் நோயாளர்களின் வாய்ச்சொல்லிலிருந்தே ஒரு வினாத்தாள் செய்தார்கள். 2010இல் வெளிவந்த அதன் பெயர் 'பிராஃப்'. இருபது கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. உடற்களைப்புக்கு 22, அன்றாட வாழ்வுக்கு 21, சிந்தனைக்கு 15, மனவுணர்வுக்கு 12; மொத்தம் 70. பரீட்சை போலல்ல, கூடக் கூட மோசம். குளிப்பதும் உடுப்பதும் சிரமமாக இருந்ததா, மறதி வந்ததா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். இருவர் ஒரே 35 எடுக்கலாம். ஒருவருக்கு உடம்பு ஏலாது, மற்றவருக்கு வாசித்த வரி மனதில் நிற்காது. வினாத்தாள் திருத்துகிற எனக்கு இது புதிதல்ல. மொத்தப் புள்ளியைப் பார்த்து மாணவனை அறிய முடியாது.

இதோடு மூன்று தனிக் கேள்விகளும் உண்டு, ஒவ்வொன்றும் பூச்சியம் முதல் பத்து வரை: களைப்பு எவ்வளவு, அது உங்கள் வாழ்வை எவ்வளவு பாதித்தது, அதை எவ்வளவு சமாளித்தீர்கள். இப்படிப் பிரித்ததுதான் கெட்டித்தனம் என்பேன். பிரித்தானியாவில் ஏழு ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. தாதியரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் நோயாளர்களைக் குழுவாக இருத்தி, வேலையையும் ஓய்வையும் பங்கிடப் பழக்கினார்கள். வெறும் கைந்நூல் பெற்றவர்களைவிட இவர்களின் 'பாதிப்பு' எண் கூடுதலாக இறங்கியது.

நம்மிடம் கேட்பதென்றால் எந்தச் சொல்லால் கேட்பது? படியேறி வந்து "களைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். 'அலுப்பு' என்றால் சலிப்பும் ஆகும். 'சோர்வு' ஏட்டுச் சொல், மனத்தின் பக்கம் சாய்கிறது. 'ஏலாது' காய்ச்சலுக்கும் பொருந்தும். 'கடந்த ஏழு நாட்கள்' என்பதிலும் சிக்கல் உண்டு. ஸஹருக்கு எழும்பி, நோன்பிருந்து, தராவீஹும் தொழுத வாரத்தின் எண்ணை ஷஃபானில் எடுத்த எண்ணோடு அப்படியே ஒப்பிட முடியுமா?

அதுவரை கிளினிக்குக்குப் போகிறவர் "களைப்பு" என்று மட்டும் சொல்லாமல், "இந்தக் கிழமை மூன்று நாள் வுழூச் செய்ய எழும்பவும் ஏலாமற்போச்சு, பகல் ரெண்டு மணிக்குப் பிறகு ஒண்டும் செய்ய முடியல்ல" என்று சொல்லலாம். எத்தனை நாள், எவ்வளவு நேரம், எந்த வேலை நின்றது என்பது அதில் இருக்கிறது. வைத்தியர் அதைக் கார்டில் எழுதலாம். அடுத்த முறை ஒப்பிட்டும் பார்க்கலாம்.