லட்சத்துக்கு கமா எங்கே? கம்ப்யூட்டர் மறந்துவிடும் குட்டி எண்கள்!

மதுரை கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடையாகட்டும், தெற்காவணி மூல வீதியின் நகைக்கடையாகட்டும்... இன்று கணக்கு என்றாலே கம்ப்யூட்டர்தான். அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேராகி, 'ஃபார்மேட்' பண்ணித் திரும்பி வரும் நாளில் ஒரு சின்னக் குழப்பம் காத்திருக்கும். நேற்றுவரை 12,50,000 என்று தெரிந்த தொகை, இன்று 1,250,000 என்று நிற்கும்!

பணம் என்னவோ அதேதான். ஆனால், லட்சத்தில் எண்ணிப் பழகிய கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடாது. அவசரத்தில் செக் எழுதும்போது ஒரு பூஜ்யம் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும்?

கமா எங்கே இருக்கிறது?

எக்ஸெலில் நாம் அடிக்கும் தொகை, உள்ளே வெறும் 1250000 ஆகத்தான் இருக்கும். கமா என்பது திரைக்கு வரும்போது அது போட்டுக்கொள்ளும் சட்டை. எந்தச் சட்டை என்பதை விண்டோஸ் தன் 'ரெஜிஸ்ட்ரி'யில் குறித்து வைத்திருக்கிறது. நம் ஊர் முறைக்கு அங்கே இருக்கும் குறிப்பு '3;2;0'. வலமிருந்து முதலில் மூன்று இலக்கம், அப்புறம் இரண்டு, கடைசிப் பூஜ்யத்துக்கு 'இப்படியே தொடரவும்' என்று அர்த்தம். அமெரிக்க முறைக்கு '3;0'.

ஃபார்மேட் பண்ணினால் இந்தக் குறிப்பும் அழிந்துவிடும். புதிதாக விண்டோஸ் ஏற்றுபவர் அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், கமாவும் அமெரிக்காவுக்குப் போய்விடும். கணக்கு ஃபைல்களை பென்டிரைவில் பத்திரப்படுத்தியிருந்தாலும் இந்தக் குறிப்பு அதில் வராது.

இன்னொரு விஷயம், இந்தக் குறிப்பு ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனி. முதலாளிக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று என இரண்டு லாகின் இருந்தால், ஒரே தொகை இரண்டு விதமாகத் தெரியலாம்.

டேலியில் கதை வேறு. தொகையை மில்லியனில் காட்டவா என்று கம்பெனி தொடங்கும்போதே அது கேட்டுக்கொள்ளும். அந்தப் பதில் கம்பெனி கணக்கோடு சேர்ந்தே இருக்கும்.

புள்ளியும் முக்கியம்

8.125 கிராம் நகை. எக்ஸெலில் இரண்டு தசம இடம் போதும் என்று வைத்தால் 8.13 என்று காட்டும். உள்ளே 8.125 அப்படியேதான் இருக்கும். ஆனால், 'காட்டுவதையே சேமி' என்ற வகையில் ஒரு செட்டிங் எக்ஸெலில் உண்டு. அதை டிக் செய்துவிட்டால் உள்ளே இருப்பதும் 8.13 ஆகிவிடும். பழைய எண் திரும்பக் கிடைக்காது. ஒரு பில்லில் இது சின்ன வித்தியாசம். வருஷம் முழுக்கச் சேர்ந்தால்?

ஜெர்மனியில் புள்ளியும் கமாவும் இடம் மாறி உட்காரும். மாட்டுத்தாவணியில் 1.250 கிலோ மல்லி வாங்கிய கணக்கைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்பி, அதை ஜெர்மன் செட்டிங் உள்ள லேப்டாப்பில் திறந்தால், 1250 கிலோ என்று அது படித்துவிடும்! அதனால்தான் நல்ல மென்பொருள், எண்களை எந்த ஊருக்கும் பொதுவான ஒரே வடிவில் சேமிக்கிறது. ஊருக்கேற்ற அலங்காரம் எல்லாம் திரையில் காட்டும்போது மட்டும்தான்.

என்ன செய்யலாம்?

* கன்ட்ரோல் பேனலில் 'ரீஜன்' போய், 'அடிஷனல் செட்டிங்ஸ்' அழுத்துங்கள். 'டிஜிட் குரூப்பிங்'கில் 12,34,56,789 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 'நம்பர்', 'கரன்சி' இரண்டு பக்கத்திலும் மாற்ற வேண்டும்.

* ஃபார்மேட்டுக்குக் கொடுக்கும் முன் இந்தப் பக்கங்களை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

* எத்தனை லாகின் இருக்கிறதோ, அத்தனையிலும் மாற்றுங்கள்.

* எண்ணை அடிக்கும்போது கமாவை நீங்களே போடாதீர்கள். அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடுங்கள்.

* கம்ப்யூட்டர் திரும்பி வந்ததும், தெரிந்த ஒரு பழைய பில்லைத் திறந்து, தொகையையும் தேதியையும் சரிபார்த்த பிறகே அன்றைய முதல் பில்லைப் போடுங்கள்.