பொலிகாளையை யார் பொறுக்குவது?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, உட்காருங்கள். நம்ம தேனி மலைமாட்டிலேயே பொறுக்கிச் சேர்த்து, சீக்கிரம் எடை போடுகிற கறிமாட்டைக் கொண்டுவர முடியாதா என்று கேட்டீர்கள். முடியும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து விவசாயி ராபர்ட் பேக்வெல், எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துத்தான் கறிமாடு வளர்த்தார். ஆந்திரத்து ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய், நெலோர் என்ற பெயரில் அந்த நாட்டின் முதன்மையான கறிமாடு ஆனதிலும் இந்தப் பொறுக்கலுக்குப் பங்குண்டு.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிடையில் ஒரு வயதுக் கன்றின் சராசரி எடை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதே வயதில் 120 கிலோ இருந்ததைப் பொலிகாளையாக விடுகிறீர்கள், பசுக்கள் சராசரிதான். தாய் தகப்பன் இரண்டுக்கும் சராசரி பார்த்தால் கூடுதல் 10 கிலோ. அப்படியானால் கன்று 110 கிலோ வருமா? வராது. அந்தக் காளை நன்றாக வளர்ந்ததில் தாய்ப்பாலுக்கும் மழை பெய்த வருஷத்துப் புல்லுக்கும் பங்கிருக்கிறது. அவை வாரிசுக்கு இறங்காது. ஒரு வயது எடை வித்தியாசத்தில் பரம்பரையின் பங்கு சுமார் 40 சதவீதம். ஆகவே கன்றுக்குக் கிடைப்பது 4 கிலோ. ஒரு தலைமுறை மாற நாலைந்து வருஷம் ஆகும். நோட்டும் தராசும் இல்லாமல் இந்த 4 கிலோவைக் கண்டுபிடிக்கவே முடியாது. பல காளைகள் சேர்ந்து மேயும் கிடையில் எந்தக் கன்றுக்கு எது தகப்பன் என்பதே தெரியாதே!

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. குமுளி, கம்பம்மெட்டு வழியாக அடிமாடு கேரளத்துக்குப் போகிறது. வாட்டசாட்டமான காளங்கன்றுக்கு நல்ல விலை கிடைக்கும். அது முதலில் வண்டியேறிவிட்டால், கிடையில் மிஞ்சிய நோஞ்சான்தான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன்.

கம்பத்தில் சாமி மாடுகளை வைத்திருக்கும் தம்பிரான் மாட்டுத் தொழுவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காளைகளுக்கு முன் கரும்புக் கட்டை வைத்து, அதைத் தின்னும் காளையைப் பட்டத்துக்காளை ஆக்குவார்கள் என்று 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் தொகுதியில் பதிவாகியிருக்கிறது. எடைக்கும் அந்தத் தேர்வுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பட்டம் கட்டிய காளையை யாரும் சந்தைக்கு ஓட்டமாட்டார்கள். பொலிகாளை ஊரில் தங்க வேண்டும் என்ற முதல் விதியை அந்தத் தொழுவின் மக்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

எடையை மட்டும் துரத்துவதும் ஆபத்து. வேகமாக வளரும் வம்சத்தில் கன்று பிறக்கும்போதே பெரிதாக இருக்கும், ஈனுவது கஷ்டம். தசை பெருத்த பெல்ஜியன் புளூ பசுக்களுக்குப் பெரும்பாலும் வயிற்றைக் கீறித்தான் கன்றை எடுக்கிறார்கள். மேகமலைச் சரிவில் ராத்திரி தனியாக ஈனும் பசுவுக்கு எந்த டாக்டர் வருவார்? பெரிய உடம்புக்குப் புல்லும் அதிகம் வேண்டும். புலிகள் காப்பகங்களுக்குள் மேய்ச்சலை 2022-இல் உயர் நீதிமன்றம் தடுத்த பிறகு அந்தப் புல்லுக்கு எங்கே போவது?

என்னைக் கேட்டால், தவறாமல் சினை பிடித்து, உதவியில்லாமல் ஈன்று, பால் மறக்கும் பருவத்தில் நல்ல எடையுள்ள கன்றை நிறுத்துகிற பசுவைத்தான் முதலில் பொறுக்க வேண்டும். அவள் ஈன்ற காளங்கன்றை இரண்டு வருஷமாவது விற்காமல் வைத்திருக்க வேண்டும். அதுவரை கிடையை நடத்தும் கீதாரி இழக்கும் சந்தை விலையை அரசுதான் கொடுக்க வேண்டும். அவர் கைக்காசில் நடக்கிற வேலையில்லை இது.