டிராக்டரின் பழுதுள்ள உறுப்புகளால் காயமுற்றோர்க்குள்ள சட்டப் பரிகாரங்கள்

மாட்டு வண்டியின் ஆரக்கால் முறிந்தால் குடியானவர் உள்ளூர்த் தச்சரிடம் போய் நியாயம் கேட்பது வழக்கம். செய்தவர் இன்னார் என்பது ஊரறிந்த விஷயம். டிராக்டரின் விஷயம் அப்படியன்று. அதன் சக்கரம் ஓரிடத்திலும் பிரேக் வேறோரிடத்திலும் செய்யப்பட்டு, மற்றோரிடத்தில் ஒன்று சேர்க்கப்பட்டு, வியாபாரியின் மூலம் நம் கொட்டகைக்கு வந்து சேருகிறது. அத்தகைய உறுப்பொன்று முறிந்து ஒருவர் கை கால் இழப்பாராயின் யாரை நாடுவது? அநேகர் தலைவிதி என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுகின்றனர். அவ்வாறிருக்க வேண்டுவதில்லை. ஆனால் காலந்தாழ்த்தினால் உரிமை கை நழுவிப்போகும். ஆகையால் இவ்விஷயத்தைக் குடியானவர்கள் முன்னதாகவே அறிந்திருத்தல் நலம்.

பழைய தீர்ப்பொன்று

உறுப்பைச் செய்தவருக்கும் காயமுற்றவருக்கும் நேரான ஒப்பந்தம் இல்லையெனில் வழக்கில்லை என்பதே முற்காலத்தில் ஆங்கிலேய சட்டத்தைத் தழுவிய நாடுகளில் பொதுவிதியாக இருந்தது. 1916 ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மேல் நீதிமன்றம் இவ்விதியைத் தகர்த்தது. ப்யூக் கம்பெனியின் மோட்டார் வண்டியொன்றின் மரச் சக்கரம், ஆரக்கால்கள் நொறுங்கி உடைந்தமையால், வண்டிக்குரியவர் காயமுற்றார். சக்கரத்தைச் செய்தவர் வேறொருவர். வண்டியை விற்றவர் மற்றொரு வியாபாரி. எனினும், சோதித்திருந்தால் மரத்தின் குற்றம் தெரிந்திருக்கும் என்பதால், வண்டி செய்த கம்பெனியே பொறுப்பு என்று நீதிபதி கார்டோசோ தீர்ப்பளித்தார். பிற்காலத்துச் சட்டங்கள் பலவற்றுக்கும் இத்தீர்ப்பு வழிகாட்டியாயிற்று.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2019 ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை மாதத்தில் அமலுக்கு வந்தது. அதன் ஆறாவது அத்தியாயம் பழுதுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு யார் யார் பொறுப்பாளிகள் என்று வகுத்துக் கூறுகிறது.

முதலாவது, உற்பத்தி செய்தவர். செய்முறையில் குற்றமிருந்தாலும், அமைப்பே தவறாயிருந்தாலும், குறித்த அளவுகளுக்கு மாறாகச் செய்திருந்தாலும், சரியாகக் கையாளும் முறையையும் அபாய எச்சரிக்கையையும் போதியபடி எழுதிக் கொடாதிருந்தாலும் அவர் பொறுப்பாவார்.

இரண்டாவது, விற்றவர். அவர் பொருளை மாற்றியமைத்து அதனால் தீங்கு நேர்ந்திருந்தாலும், தாமாகத் தனி உத்தரவாதம் கொடுத்திருந்தாலும், பூட்டுவதிலும் சோதிப்பதிலும் கவனம் தவறியிருந்தாலும், செய்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றிருந்தாலும் அவரைப் பிடிக்கலாம். பெயரற்ற மலிவுச் சரக்கை வாங்குவோர் பில் இல்லாமல் வாங்கலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, குற்றமாகப் பழுது பார்த்த பட்டறைக்காரர்.

டிராக்டரை வாங்கியவர் மட்டுமன்றி, அவர் சம்மதத்துடன் ஓட்டிய மகனோ தம்பியோ கூட முறையிடலாம். ஜீவனத்திற்காகத் தாமே உழைத்து ஓட்டுபவருக்குத் தடையில்லை. பெரிய வியாபாரமாக நடத்துவோருக்கு இச்சட்டம் உதவாது.

முறையீட்டைத் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். கம்பெனி இருக்கும் ஊருக்குப் போகவேண்டுவதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையில் கட்டணமில்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரையில் 200 ரூபாய். கெடு இரண்டு வருஷம்.

வழக்கைக் கெடுக்கும் காரணங்களும் உள. உறுப்பைத் தாமே வெட்டி ஒட்டி மாற்றியிருத்தல், தகாத வேலைக்கு உபயோகித்தல், மது அருந்தி ஓட்டுதல் ஆகியவை எதிர்த்தரப்பினருக்கு நல்ல எதிர்வாதமாகும்.

சாலையில் நேரும் விபத்து

டிராக்டரும் சட்டப்படி மோட்டார் வாகனமே. டயர் வெடித்தோ, டிரெய்லர் கொக்கி அறுந்தோ சாலையில் சென்றவர் காயமுற்றால், 1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கே வண்டிக்குரியவரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியுமே எதிரிகள். ஜீப்பின் முன் டயர் வெடித்துக் கவிழ்ந்து, நடந்து சென்றவர் மாண்ட வழக்கில், ஓட்டியவர் மீது கவனக்குறைவு ரூபிக்கப்படாவிடினும் நஷ்ட ஈடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2001 ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. மேலும், யார் குற்றம் என்று விசாரியாமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2½ லட்சமும் கோருவதற்கு 164 ஆம் பிரிவு இடந்தருகிறது. 166 ஆம் பிரிவின்படி மனுச் செய்ய ஆறு மாதமே கெடு வைக்கப்பட்டிருப்பதால் உடனே முயல வேண்டும். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியெனில் பாரம் முழுதும் உடையவர் தலையில் விழும் என்பதை மிராசுதார்கள் மறக்கலாகாது.

கூலிக்கு ஓட்டுபவர்

டிராக்டர் கொண்டு செய்யும் விவசாயத்தில் கூலிக்கு அமர்ந்தவர் வேலையின்போது காயமுற்றால், வேலை கொடுத்தவர் ஈட்டுத்தொகை தரக் கடமைப்பட்டவர். 1923 ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் இருந்த இவ்வேற்பாடு 2020 ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ஒரே மோட்டார் விபத்துக்கு இதையும் தீர்ப்பாயத்தையும் ஒருங்கே நாட முடியாது; ஒன்றையே தெரிந்துகொள்ள வேண்டும்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை

1. முறிந்த உறுப்பே தலையாய சாட்சி. அதைப் பழைய இரும்புக்குப் போடவோ, "மாற்றித் தருகிறோம்" என்பவரிடம் ஒப்புவிக்கவோ கூடாது. கழுவாமல், எண்ணெய் இடாமல், துணியில் சுற்றிப் பூட்டி வைக்கவும். வேண்டியபோது ஆணையமே அதற்கு முத்திரையிட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்பும்.

2. வண்டியை அப்புறப்படுத்துமுன் பல பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளவும்.

3. போலீஸில் எழுதி வைத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையையும் பெறவும். யந்திரக் கோளாறு குறித்து அவர் எழுதுவது பெரிதும் பயன்படும்.

4. பில், உத்தரவாதச் சீட்டு, சர்வீஸ் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் யாவற்றையும் ஒரே கட்டாக வைக்கவும்.

5. சொற்பத் தொகை பெற்றுக்கொண்டு, படித்துப் பாராத காகிதத்தில் கையொப்பமோ கைநாட்டோ இடலாகாது.

வக்கீலுக்குக் கொடுக்க வகையில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். ஸ்திரீகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு இலவச வக்கீல் அமர்த்தப்படுவார். 15100 என்ற எண்ணில் தொலைபேசியில் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

ஒருவர் முறையிடுவதால் பிறருக்கும் நன்மையுண்டு. குற்றமுள்ள வண்டிகளைத் திருப்பி வாங்கிச் சரிசெய்யும்படி கம்பெனிக்கு உத்தரவிட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. முறிவுகள் வெளியே தெரிந்தால்தான் அவ்வதிகாரம் பயன்படும். ஆகையால், காயமுற்றவரைக் கவனித்தவுடனே, உடைந்த இரும்பையும் பத்திரப்படுத்துமாறு குடியானவர்கள் தம் வீட்டாருக்கும் ஓட்டுநர்களுக்கும் இப்பொழுதே சொல்லி வைத்தல் அவசியமாகும்.